தோட்டப்புற ஊர் நூலகத்துக்கு உலகம் வந்துவிட்டது. இனி நூலகருக்கு என்ன வேலை?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "ஐயா, பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்டிபிஎம் தேர்வை முடித்துவிட்டு எங்கள் வட்டார நூலகம் ஒன்றில் ஒப்பந்த உதவியாளராக இருக்கிறேன். புத்தகம் இரவல் வாங்க வருகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறது என்கிறார்கள். உலகமயமாக்கல் நூலகத்தையும் நூலகர் வேலையையும் எங்கே கொண்டுபோய் நிறுத்தும்? நான் நூலகவியல் படிக்கப் போகலாமா, வேறு வேலை பார்த்துக்கொள்ளலாமா?"

படிக்கப் போங்கள். அதுதான் என் பதில். ஆனால் இன்று முகப்பு மேசையில் நீங்கள் பார்க்கும் வேலையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். எண் போடுவது, பட்டைக்குறி ஒட்டுவது, பிளாஸ்டிக் உறை போடுவது எல்லாவற்றையும் புத்தகம் விற்கிற நிறுவனமே முடித்து அனுப்பும் காலம் இது. வளர்ந்துவரும் வேலை இரண்டு. வெளியிலிருந்து வந்து குவிவதில் நம் ஆட்களுக்கு எது ஆகும் என்று பார்த்துக் கையில் சேர்ப்பது ஒன்று. நம் ஊரில் மட்டுமே இருக்கிற எழுத்தையும் படத்தையும் குரலையும், எந்த நாட்டில் யார் தேடினாலும் அகப்படும்படி விவரித்து வைப்பது மற்றொன்று. இந்த இரண்டாவதைச் செய்ய வெளியூரிலிருந்து எவரும் வரப்போவதில்லை. நான் நூற்பட்டியல் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது கோயில் மண்டபத்துப் படிப்பகம் ஒன்றைக் கவனித்துக்கொள்கிறேன். அதனால் பட்டியல் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன்.

உலகமயம் நம் வட்டாரத்துக்குப் புதிதில்லை. பக்கத்து ஊரான கோலகங்சாரில் 1877இல் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ நட்ட ரப்பர் கன்றுகள், பிரேசில் காட்டு விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கப்பலேறி வந்ததன் வழித்தோன்றல்கள். அந்தப் பால்மரத்தை நம்பித்தான் நம் பாட்டன் பூட்டன் கடல் தாண்டினார்கள். பின்னாலேயே அச்செழுத்தும் வந்தது. 1924இல் கோலாலம்பூரில் தமிழ் நேசன், 1935இல் சிங்கப்பூரில் தமிழ் முரசு. பெரியார் 1929இலும் 1954இலும் மலாயா வந்துபோனார். தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கத்தின் சங்கமணி இதழ், தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களுக்கெல்லாம் போனது. 1950களில் தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் கிளம்பின. தோட்டத்துப் படிப்பகம் என்றால் ஓர் அறை, ஒரு பெஞ்சு, வாசிக்கத் தெரிந்த ஒருவர். அவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.

அந்தக் காலத்தில் போக்கும் இருந்தது, வரத்தும் இருந்தது. சென்னையிலிருந்து புத்தகம் வந்தது. நம் தோட்டத்துச் செய்தியும் கதையும் கவிதையும் தபாலில் பத்திரிகைக்குப் போய் அச்சேறின. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது தோட்டத்து மக்களும் தங்கள் வெள்ளியை, அதாவது பணத்தை, கொடுத்தார்கள். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில்தான் நடந்தது. இன்று வரத்து பல மடங்கு பெருகிவிட்டது, போக்கு சுருங்கிவிட்டது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசனே 2019இல் நின்றுபோனது. என் கவலையெல்லாம் இதில்தான்.

வாசகரும் மாறிவிட்டார். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. நம் ஆட்கள் லயத்தை விட்டுத் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபோனார்கள். பிள்ளைகள் பினாங்கு, ஜொகூர், சிங்கப்பூர் என்று வேலைக்குப் போய்விட்டார்கள். தோட்ட வேலைக்கு இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் ஆள் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் நூலகத்துக்கு எதிரே நிற்கிற பையன், பாஸ்போர்ட்டை ஸ்கேன் எடுக்க முடியுமா என்று கேட்கத் தயங்கிக்கொண்டு நிற்கலாம். நீங்கள் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, வேலை முடிந்ததும் அவன் ஊர் வங்காளிச் செய்தித்தாளை ஒரு கணினியில் திறந்து கொடுத்தால், அவன் அடுத்த வாரமும் வருவான். அரசாங்க உதவிப் படிவத்தை இணையத்தில் நிரப்பத் தெரியாத அம்மா வருவார். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை, பள்ளிகளின் நீலாம் வாசிப்புத் திட்டத்துக்கான பதிவைக் கணினியில் ஏற்ற வருவான். ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ 1949இல் முதலில் வெளியிட்ட பொது நூலக அறிக்கை, நூலகச் சங்கங்களின் உலக அமைப்பான இஃப்லாவோடு சேர்ந்து கடைசியாக 2022இல் புதுப்பிக்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினருக்கும், வழக்கமான சேவை எட்டாதவர்களுக்கும் நூலகம் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. இரவல் எண்ணிக்கை குறைவதைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். இந்த வேலையெல்லாம் அந்த எண்ணிக்கையில் ஏறுவதே இல்லை, தங்கச்சி. வந்தவர் பேசிய மொழி, கேட்ட காரியம், அது கிடைத்ததா என்பதை நாள்தோறும் எழுதி வையுங்கள். பெயர் வேண்டாம். மேலிடத்தில் "யார் வருகிறார்கள்?" என்று கேட்கும்போது காட்டுவதற்கு அது ஒன்றுதான் ஆதாரம்.

பார்வையில்லாதவர்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2013இல் நிறைவேறிய மராகேஷ் உடன்படிக்கை, பிரெயில், ஒலிநூல் போன்ற வடிவங்களை உரிமையாளரிடம் தனி அனுமதி வாங்காமல் செய்யவும், நாடு விட்டு நாடு அனுப்பவும் வழிவிட்டது. அதை முதலில் ஏற்ற நாடு இந்தியா, 2014இல். மலேசியா 2022இல் சேர்ந்தது. ஆகவே தமிழ்நாட்டில் பார்வையற்றோருக்காகத் தயாரான தமிழ் ஒலிநூலை நம் ஊர்த் தாத்தாவுக்கு முறைப்படி கேட்டு வாங்க இன்று சட்டத்தில் இடமிருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

இனி பட்டியலுக்கு வருகிறேன். மலேசியத் தமிழ்ச் சிறுகதைத் தொகுப்பு ஒன்றைக் கையில் எடுங்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி முறைப்படி எண் போட்டிருந்தால் முதுகில் 894.8113 என்று இருக்கும். 1876இல் அமெரிக்காவில் பிறந்த முறை அது. இலக்கியத்துக்கு 800 முதல் 899 வரை ஒதுக்கினார்கள். அமெரிக்க இலக்கியத்துக்கு 810 முழுவதும், ஆங்கிலத்துக்கு 820 முழுவதும். மீதி உலகத்தில் பெரும்பகுதியை 890க்குள் போட்டு அடைத்தார்கள். அதில் 894இல் துருக்கி, ஹங்கேரி, பின்லாந்து மொழிகளோடு திராவிட மொழிகளும் கிடக்கின்றன; தமிழ் இலக்கியத்துக்கு 894.811. மலாய் இலக்கியம்கூட 899.28இல்தான் இருக்கிறது. சமயத்திலும் இதே கதை: 200களில் பெரும்பகுதி கிறிஸ்துவம், இந்து சமயம் முழுவதும் 294.5இல்.

இதனால் நம் ஊரில் என்ன ஆகிறது? தமிழ் அலமாரியில் ஒரு வரிசை முழுவதும் ஒரே எண். சென்னை எழுத்தாளர், யாழ்ப்பாணத்து எழுத்தாளர், நம் கெடா மாநிலத்துப் பீடோங்கில் உட்கார்ந்து எழுதியவர் எல்லாரும் ஒன்றாகக் கலந்து நிற்பார்கள். "நம் நாட்டுக் கதை இருக்கா அக்கா?" என்று கேட்கிற மாணவிக்கு நீங்கள் ஒவ்வொன்றாக உருவித்தான் பார்க்க வேண்டும். அந்த முறையிலேயே உள்நாட்டு இலக்கியத்துக்கு முன்னிடம் தர விருப்ப வழி இருக்கிறது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், எண்ணுக்குப் பிறகு மலேசியாவுக்கு ஓர் எழுத்துச் சேர்த்து, முதுகில் ஒரு நிறப் பட்டை ஒட்டினாலே அந்தப் புத்தகங்கள் எழுந்து நிற்கும். நம் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர், 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று இரண்டு வைத்தார். டியூயியின் பெட்டிகள் போதாது என்று கண்டு 1933இல் கோலன் பகுப்பு முறையையே உருவாக்கினார். உலகமெங்கும் நூலக மாணவர்கள் அவரைப் படிக்கிறார்கள். வந்த எண்ணை வந்தபடியே ஒட்டுவது அவர் வழியில்லை.

பதிவுகள் வரும் பாதை இதைவிட விசித்திரமானது. இன்று பெரும்பாலான நூலகங்கள் புத்தகத்துக்குப் புதிதாகப் பட்டியல் பதிவு எழுதுவதில்லை. இன்னொரு நூலகம் எழுதியதை இறக்கிக்கொள்கின்றன. 1967இல் ஒஹாயோவில் கல்லூரி நூலகங்கள் கூடித் தொடங்கிய ஓசிஎல்சியின் வேர்ல்ட்கேட் அதற்குப் பெரிய கிடங்கு. தமிழ்ப் பதிவுகள் அதில் எப்படிச் சேர்ந்தன தெரியுமா? 1950களில் அமெரிக்கா இந்தியாவுக்குக் கோதுமை விற்று விலையை ரூபாயிலேயே வாங்கிக்கொண்டது. பி.எல். 480 என்ற சட்டம். அந்த ரூபாயில் ஒரு பங்கைக் கொண்டு 1962 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் டெல்லி அலுவலகம் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. அதனால்தான் தமிழ் நூலுக்கு ஒழுங்கான பதிவு தேடினால் பல நேரம் சிகாகோவிலோ வாஷிங்டனிலோ கிடைக்கிறது.

அந்தப் பதிவுகள் ரோமன் எழுத்தில் இருக்கும். ற, ன, ழ எல்லாவற்றுக்கும் அடிக்கோடு, புள்ளி என்று நுணுக்கமான முறை. நம் வாசகர் அப்படித் தேட மாட்டார். கைப்பேசியில் நண்பருக்கு எழுதுகிற மாதிரி மனம்போனபடி ரோமனில் தட்டுவார், அல்லது நேராகத் தமிழிலேயே தட்டுவார். இரண்டிலும் "நூல் இல்லை" என்றே வரும். புத்தகம் அவருக்குப் பின்னால் அலமாரியில் நிற்கும். 1991இலேயே யூனிகோடில் தமிழ் ஏறிவிட்டது. பட்டியலுக்கான மார்க் வடிவத்தில் மூல எழுத்துக்கென்றே 880 என்ற புலம் இருக்கிறது. 1999இல் நியூசிலாந்தின் ஒரு சின்ன வட்டார நூலகத்துக்காக எழுதப்பட்டு, இப்போது உலகமெங்கும் இலவசமாகப் பயன்படும் கோஹா மென்பொருள் தமிழ் எழுத்தை ஏற்றுக்கொள்கிறது. முரசு அஞ்சல், செல்லினம் ஆகிய தமிழ்த் தட்டச்சுச் செயலிகளைத் தந்து உலகத் தமிழர் விரலுக்குத் தமிழைக் கொண்டுவந்த முத்து நெடுமாறன் நம் நாட்டவர். அந்த நாட்டிலேயே தமிழ்ப் புத்தகத்தைத் தமிழில் தேட முடியாத நூலகங்கள் இருப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. ஒரு தலைப்பைத் தமிழில் சேர்க்கச் சில நிமிடம் போதும். உங்களுக்குத் தமிழ் தெரியும், உங்கள் மேலாளருக்குத் தெரியாமலிருக்கலாம். கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.

தமிழ்ப் புத்தகம் வாங்குவதிலும் இதே கதைதான். தேர்வு நடக்கும் இடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இல்லாவிட்டால் விநியோகிப்பாளர் கொடுக்கிற பட்டியல் அப்படியே ஏறும். சமையலும் சோதிடமும் தேர்வு வழிகாட்டியுமாக அலமாரி நிறையும். சென்னையில் இப்போது குறைந்த படிகளே அச்சாகின்றன, தேவைக்கேற்ப அச்சிடுவதும் பரவிவிட்டது. நல்ல புத்தகத்தை இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் கிடைக்காது.

மின்னூல் விஷயத்தில் நூலகர் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிக்கப் பழக வேண்டும். தாள் புத்தகத்தை ஒருமுறை வாங்கினால் கிழியும்வரை நூலகத்துக்குச் சொந்தம். மின்னூலில் நூலகம் வாங்குவது உரிமம் மட்டும். 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் ஒரு மின்னூலை 26 முறை இரவல் தந்ததும் மறுபடி பணம் கட்ட வேண்டும் என்று விதித்தது. 2019 நவம்பரில் மேக்மில்லன் பதிப்பகம், புதிய மின்னூல் வந்த முதல் 8 வாரத்துக்கு ஒரு நூலக அமைப்புக்கு ஒரே படிதான் என்றது. அது எவ்வளவு பெரிய நகரமானாலும் சரி. அமெரிக்க நூலகங்கள் பல கூடி வாங்க மறுத்தன, 2020 மார்ச்சில் அந்த விதி போய்விட்டது. நூலக மின்னூல்களை இரவல் தரும் லிபி செயலியை நடத்துகிற ஓவர்டிரைவ் நிறுவனத்தை 2015இல் ஜப்பானின் ராகுடென் வாங்கியது, 2020இல் கே.கே.ஆர். என்ற முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாறியது. ஆய்வுத் தரவுத்தளங்களை விற்கிற புரோக்வெஸ்ட் 2021இல் கிளாரிவேட்டிடம் போனது. விற்பவர் எண்ணிக்கை சுருங்கச் சுருங்க விலை பேசும் பலம் நூலகத்திடமிருந்து நழுவுகிறது. தனியாக ஒரு வட்டார நூலகம் இதில் ஒன்றும் செய்ய முடியாது. மாநிலமும் தேசிய நூலகமும் கூட்டாக வாங்குவதுதான் வழி. நம் தேசிய நூலகத்தின் யு-புஸ்தாக்கா தளம் இருக்கிறது; அதில் தமிழ் மின்னூல் வேண்டும் என்று வாசகர் பெயரில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் ஊர் எழுத்தாளர்களிடம் ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். கிண்டில் 2016 முதல் தமிழ் நூல்களை ஏற்கிறது, பலர் அங்கே போடுகிறார்கள், நல்லது. ஆனால் அதில் கே.டி.பி. செலக்ட் என்ற திட்டத்துக்கு ஒப்புக்கொண்டால், அந்தக் காலம் முடியும்வரை மின்வடிவை வேறு கடைகளில் விற்க முடியாது. நூலகத்துக்குத் தரலாமா என்பதையும் விதியில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பலருக்கு இது தெரியாது, பொத்தானை அழுத்திவிடுகிறார்கள்.

இலவசமாகத் திறந்து கிடக்கிற தமிழ்ச் செல்வமோ கொஞ்சநஞ்சமல்ல. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம்; 2001இல் உருவான தமிழ் இணையக் கல்விக்கழகம், அதன் மின்நூலகம்; 2005இல் தொடங்கி ஈழத்து எழுத்துகளைச் சேர்க்கும் நூலகம் திட்டம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து சுமார் 97,000 நூல்கள் சாம்பலானதை அறிந்தவர்களுக்கு அந்த உழைப்பின் அருமை புரியும். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களை 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, கப்பலேற்றாமல் தமிழ்நாட்டிலேயே வைத்தது. இன்று அது சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கிறது. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் 2015இல் அந்நாட்டுத் தமிழ் இலக்கியத்தை மின்மயமாக்கி வெளியிட்டது. நமக்கு இன்னும் முக்கியமானது, தமிழ் முரசின் பழைய இதழ்களை அவர்கள் இணையத்தில் ஏற்றியிருப்பது. பேராக் தோட்டத்து வேலைநிறுத்தமோ பள்ளித் திறப்போ அதில் செய்தியாக வந்திருக்கலாம். சிங்கப்பூர் தன் பத்திரிகையைக் காப்பாற்றியதில் நம் வரலாற்றிலும் ஒரு பங்கு தப்பியது.

ஆனால் எதையும் எடுத்து எங்கும் போட முடியாது. எழுத்தாளர் இறந்தபின் பதிப்புரிமை மலேசியாவில் 50 ஆண்டு, இந்தியாவில் 60, சிங்கப்பூரிலும் இலங்கையிலும் 70. 1974இல் காலமான ஒருவரின் நூல் 2025 முதல் மலேசியச் சட்டப்படி பொதுவுடைமை; இந்தியாவில் 2035 வரை காத்திருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியிருந்தால் கணக்கே வேறு. ஒரே நூல், நாட்டுக்கு நாடு வேறு நிலை. இதைக் கணக்கிட்டுச் சொல்லத் தெரிந்தவர் ஒரு வட்டாரத்துக்கு ஒருவராவது வேண்டாமா?

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக மலாயாவில் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் அதோடு தொடங்கியது. அந்தக் காலக் காலனி அரசுக் கோப்புகளைப் பார்க்க வேண்டுமென்றால் லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தை நாட வேண்டும். ரப்பர் விதை வந்த அதே கியூ. வெளியேறும்போது பிரிட்டன் கையோடு எடுத்துப்போய் மறைவாக வைத்திருந்த காலனிக் கோப்புகள் இருப்பது 2011இல் அம்பலமானது. மலாயா, சிங்கப்பூர் கோப்புகளும் அவற்றில் உண்டு. எஃப்.சி.ஓ. 141 என்ற வரிசையில் திறந்துவைத்தார்கள். அதன் பட்டியலை உங்கள் மேசையிலிருந்தே இணையத்தில் தேடலாம். அந்தத் தேடலைக் கற்றுக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். ஆனால் அங்கே இருப்பது அதிகாரிகள் எழுதியது. அதே நாளில் லயத்தில் இருந்த நம் ஆட்கள் என்ன பார்த்தார்கள், மறுநாள் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போனார்களா, யாரைப் பிடித்துப்போனார்கள் என்பது அங்கே அவர்கள் வாய்மொழியில் கிடைக்காது.

நம் ஆட்கள் எழுதியது எங்கே இருக்கிறது? பள்ளிப் பொன்விழா மலரில். கோயில் குடமுழுக்கு மலரில். சங்கத் துண்டறிக்கையில். தொழிலாளர் வருகையைப் பதிந்த பழைய செக்ரோல் புத்தகத்தில், கூட்டுறவுச் சங்கப் பங்குச் சீட்டில். மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த ஊர் உங்களுடையது. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டாடப்பட்ட தோட்டங்களை வாங்க அவர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தபோது கொடுத்த குடும்பங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. 1954இல் விஜயலட்சுமி பண்டிட் திறந்துவைத்த மகாத்மா காந்தி கலாசாலையில் படித்தவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சீட்டும் படமும் அவர்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கும், வீடு மாறும்வரை.

ஒரு பள்ளி மலர் உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று சொல்கிறேன். முதலில் துருப்பிடித்த ஸ்டேப்பிள் கம்பியை மெல்லிய தகட்டால் நெம்பி எடுங்கள். இழுத்தால் தாள் கிழியும். தட்டையான ஸ்கேனரில் 300 அல்லது 400 டிபிஐயில் வண்ணத்தில் எடுத்து, மூலத்தை டிஃப் வடிவில் வையுங்கள், படிக்க ஒரு பிடிஎஃப் செய்துகொள்ளுங்கள். விளம்பரப் பக்கங்களை விட்டுவிடாதீர்கள். அந்த வருடம் பாசாரில் எந்தத் துணிக்கடை, எந்த நகைக்கடை, எந்த சைக்கிள் கடை இருந்தது என்பதற்கு வேறு சாட்சி இல்லாமல் போகலாம். நன்கொடையாளர் பட்டியலில் எந்த டிவிஷனில் யார் 5 வெள்ளி கொடுத்தார் என்று இருக்கும்; பேரப்பிள்ளைகள் ஆஸ்திரேலியாவிலிருந்து தேடப்போவது அந்தப் பெயரைத்தான். பிறகு பட்டியல் பதிவு. தோட்டத்துக்குக் கம்பெனிப் பெயர் ஒன்று, மலாய்ப் பெயர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிட்ட பெயர் ஒன்று இருக்கும். மூன்றையும் பதிவில் இணைத்து வையுங்கள். ஊர்ப் பெயரும் மாறும்: தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆனது. பழைய பெயரில் தேடுகிறவருக்கும் புதிய பெயரில் தேடுகிறவருக்கும் ஒரே மலர் கிடைக்க வேண்டும். இந்த மூன்று பெயரையும் சேர்த்து அறிந்தவர் நம் ஊரை விட்டால் வேறெங்கும் கிடைக்க மாட்டார்.

புதிதாக வெளியாகும் மலர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, மலேசியாவில் அச்சாகி வெளியாகும் நூலில் 5 படிகளைத் தேசிய நூலகத்துக்குத் தர வேண்டும். கோயில் கமிட்டியும் பள்ளி வாரியமும் இதைக் கேள்விப்பட்டிருப்பதே அரிது. ஐஎஸ்பிஎன் எண் வாங்குவதும் தேசிய நூலகத்தில்தான். மலர்க் குழுவினர் அச்சகத்துக்குப் போகும் முன் நீங்கள் போய் இரண்டையும் சொல்லி, படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தால், அந்த மலர் நாட்டின் நூற்பட்டியலில் ஏறிவிடும்.

எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிடவும் கூடாது. சம்பளச் சீட்டு, அடையாள அட்டை எண், நோய்க் குறிப்பு, பிடித்துவைக்கப்பட்டவர் பெயர் போன்றவை இருந்தால் குடும்பத்தைக் கேட்காமல் வெளியிடாதீர்கள். நூலகத்தில் வைத்துக் காட்டலாம், உலகத்துக்குத் திறக்கத் தேவையில்லை. கொடுக்கிறவர் மூலத்தைத் திரும்பக் கேட்டால் அன்றே கொடுத்துவிடுங்கள். அந்த நம்பிக்கை ஒருமுறை உடைந்தால் அடுத்த வீட்டுக் கதவு திறக்காது.

செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு நூலகர் எதற்கு என்றும் பலர் கேட்கிறார்கள். அது எழுதப்பட்டு இணையத்தில் ஏறியதிலிருந்து கற்கிறது. மலேசியத் தோட்டத்துத் தமிழில் இணையத்தில் ஏறியது சொற்பம். மரப்பெட்டியில் இருக்கிற மலரை அது படிக்க முடியாது. பழைய தமிழ் அச்சை எழுத்துணரி மென்பொருளில் போட்டால் பிழைகள் வரும். திருத்த நம் சொற்களை அறிந்த கண் வேண்டும். ஆக உங்கள் வேலையை இது கூட்டத்தான் செய்கிறது.

படிப்பைப் பற்றி. பூமிபுத்திரருக்கான யுஐடிஎம் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் பட்டப்படிப்பு இருக்கிறது, அந்த வழி நமக்கு இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அதனால் மனம் தளர வேண்டாம். முதல் பட்டம் எதிலும் இருக்கலாம். இந்திய ஆய்வியல், வரலாறு, கணினி மூன்றில் ஒன்று என்றால் இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்தும். அதன்பின் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நூலக, தகவல் அறிவியல் முதுகலை படிக்கலாம். என்னைக் கேட்டால் கணினியை முதல் பட்டமாக எடுத்து, தமிழை விடாமல் வைத்துக்கொள்ளச் சொல்வேன். பட்டியல் தரவைக் கையாளத் தெரிந்து தமிழும் படிக்கத் தெரிந்தவர்கள் நம் நூலகங்களில் மிகக் குறைவு. 1955 முதல் இருக்கிற மலேசிய நூலகர் சங்கத்தில் உறுப்பினராகச் சேருங்கள். 2018இல் இஃப்லா உலக மாநாடு கோலாலம்பூரில் நடந்தபோது வெளிநாட்டு நூலகர்கள் பலர் நம் நாட்டுக்கு வந்தார்கள். அப்படிப்பட்ட தொடர்புகள் சங்கத்தின் வழியாகத்தான் கிட்டும்.

ஒப்பந்தம் எப்போது முடியும் என்று நீங்கள் எழுதவில்லை. முடிவதற்குள், தமிழ் அலமாரிக்குத் தமிழ் எழுத்தில் பட்டியலும், சுற்றுவட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் என்னென்ன மலர்கள் இருக்கின்றன என்ற ஒரு கணக்கும் எடுத்துவிடுங்கள். செம்பனைக்குள் மாட்டிக்கொண்ட, பிள்ளைகள் குறைந்த பள்ளிகளிலிருந்து தொடங்குங்கள். அவைதான் முதலில் இடம் மாறும், இடம் மாறும்போதுதான் பழைய காகிதம் குப்பைக்குப் போகும். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது எந்தத் துறை என்று குழப்பம் வந்தால் எஸ்டிபிஎம் முடிவுகளோடு மறுபடி எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.